சோடா ஊற்றிய ஷூ: திருநின்றவூரில் ஒரு சேற்று ஓட்டம்

வந்தவர்கள்: நான், எங்கள் தெரு தில்லிபாபு, முகப்பேர்ப் பக்கமிருந்து காரில் வந்த ஓட்டக் கிளப்காரர்கள் இருபத்திரண்டு பேர். வராதவர்: என்னை அழைத்த ஆபீஸ் டீம் லீடர் பிரகாஷ் சார். "கண்டிப்பா வாப்பா, நாலு பெரிய மனுஷங்க பழக்கம் கிடைக்கும்" என்று ஒரு வாரமாகச் சொன்னவர், சனிக்கிழமை மதியம் தொண்டை கட்டிவிட்டது என்று செய்தி அனுப்பினார். நபருக்கு முந்நூற்று ஐம்பது ரூபாய் கட்டணத்தை அதற்குள் நான் கட்டிவிட்டிருந்தேன்.

ஞாயிறு காலை 5.05, அண்ணனூர் ரயில் நிலையம். விடிய விடிய மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. திருநின்றவூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். நடுவில் நான்கு நிறுத்தங்கள். தில்லி சீட்டில் உட்காராமல் கதவருகே நின்று குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். காரணம் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை அவனுக்குப் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். போன முறை நான்கு நொடி தாமதத்தில் வாய்ப்பு போய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிச் சேர்த்த காசில், ஆவடி மார்க்கெட்டில் 2,199 ரூபாய்க்கு ஓட்ட ஷூ வாங்கியிருந்தான். அவன் வாழ்க்கையில் முதல் ஓட்ட ஷூ. அதுவரை ஓடியதெல்லாம் வெறுங்காலில்தான்.

"புது ஷூ கடிக்கும் மச்சான். நாலு நாள் முன்னாடியே போட்டு ஓடிப் பழக்கிடணும். தேர்வு அன்னிக்கும் கிரவுண்டு சேறாத்தான் இருக்கப்போவுது" என்றான். அதனால்தான் அவனையும் கூட்டிப் போனேன். யோசனை என்னுடையது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

5.40. ஸ்டேஷனிலிருந்து ஏரிப் பக்கம் மூன்று கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, காலங்காத்தால ஏரிக்கு? மீனா?"

"இல்லண்ணா, ஓட்டம். சேத்துல ஓடணும்."

"துட்டு தர்றாங்களா?"

"நாங்கதான் கட்டியிருக்கோம்."

அவர் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பினார். பிறகு, "எங்க தெருவுலயும் முட்டி வரைக்கும் சேறு கீது. நூறு ரூபா குடுத்தா ஓட வுட்டுருப்பேனே" என்றார்.

6.00. கிளப் கேப்டன் நவீன் விளக்கினார். நல்ல உயரம், நல்ல குரல், எல்லாரையும் 'ப்ரோ' என்பார். இது போட்டி ஓட்டம் அல்ல. கிளப்பில் ஒருவர் முந்தின நாளே வந்து, பத்தடிக்கு ஒரு கை கோலமாவைத் தூவி வழி போட்டுவிட்டுப் போவார். மற்றவர்கள் அந்த வெள்ளையைத் தேடித் தேடி ஓட வேண்டும். கேட்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் இரவெல்லாம் மழை பெய்ததே, கோலமாவு என்ன ஆகும் என்று இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. முதல் அரை கிலோமீட்டருக்குப் பிறகு வெள்ளையே இல்லை. பிறகு திடீரென்று பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு. "ட்ரெயில்! ட்ரெயில்!" என்று கத்திக்கொண்டு எல்லாரும் அதன் பின்னால் ஓடினார்கள். கோடு நேராகப் போனது, திரும்பியது, மறுபடி திரும்பியது, மறுபடியும் திரும்பியது. இரண்டாவது சுற்றில் தில்லி நின்றுவிட்டான்.

"அண்ணே, இது பிளாட்டு அளந்து போட்ட சுண்ணாம்புக் கோடு. நாம ஒரு மனையச் சுத்திகினு கீறோம்."

"இல்ல ப்ரோ, வழி போட்டவர் ரொம்ப அனுபவசாலி. இது வேணும்னே குழப்புறதுக்குப் போட்டது" என்றார் நவீன்.

மழையில் கோலமாவு கரைந்து போகும், சுண்ணாம்பு இறுகி நிற்கும். வாசலில் கோலம் போடுகிற யாருக்கும் தெரிந்த விஷயம். படித்த இருபத்திரண்டு பேர் அதற்குப் பிறகும் பக்கத்து மனையை ஒரு சுற்று சுற்றினார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். நானும் படித்தவன்தானே.

6.45. கடைசியில் தில்லிதான் வழி கண்டுபிடித்தான். அவன் அத்தை வீடு அந்தப் பக்கம், கரையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அடுத்தது கிளப் செய்தியில் 'மலை' என்று எழுதியிருந்த இடம். ஏரியில் தூர் வாரிக் கொட்டிய மண்மேடுகள் அவை, ஆறேழு நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். நனைந்த களிமண்ணில் ஒரு அடி ஏறினால் இரண்டு அடி வழுக்கியது. மூன்றாவது மேட்டில் ஷாலினி என்கிற அம்மா கணுக்கால் புதைந்து அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். தில்லி மேலே போய்க் குப்புறப் படுத்து, கையை நீட்டி அவரை இழுத்தான். அப்படியே ஒன்பது பேரை இழுத்தான். எண்ணினேன். "பையன் சூப்பர்ப்பா!" என்று தட்டிக்கொடுத்தார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை.

7.40. ஓட்டம் முடிந்தது, ஏழு கிலோமீட்டர். எல்லாரும் வட்டமாக நின்றோம். இது கிளப் வழக்கமாம்: ஓட்டத்தில் 'தப்பு' செய்தவரை நடுவில் நிறுத்தித் தண்டனை தருவது. நடுவில் போன் பேசியவருக்கு ஒரு டம்ளர் சோடா, ஒரே மூச்சில். குறுக்கு வழியில் போனவருக்கு இரண்டு. சிரித்தோம், நாங்களும் கை தட்டினோம்.

அப்புறம் நவீன் தில்லியின் காலைக் காட்டி, "புது ஷூ!" என்றார். புது ஷூவோடு ஓட வருவதும் கிளப் கணக்கில் ஒரு தப்பாம்.

சேற்றுக்குள்ளும் அந்த ஆரஞ்சு நிறம் தெரிந்தது. வட்டம் முழுவதும் கூச்சலிட்டது. கழற்றச் சொன்னார்கள். ஒன்றும் புரியாமல் தில்லி வலது கால் ஷூவைக் கழற்றிக் கொடுத்தான். நவீன் பன்னீர் சோடாவைத் திறந்து அந்த ஷூவுக்குள் ஊற்றினார். கணுக்கால் விளிம்பு வரைக்கும் ஊற்றினார். ஊற்றிவிட்டு நீட்டினார்.

"குடி! குடி! குடி!"

தில்லி சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். அந்த நேரத்தில் எனக்குப் பிரகாஷ் சார் ஞாபகமும் ஆபீஸ் ஞாபகமும் வந்தது. வாயைத் திறக்கவில்லை. எழுதவே கூசுகிறது.

"எல்லாரும் குடிச்சிருக்கோம் தம்பி, நானும் குடிச்சேன், ஜாலிக்குத்தான்" என்றார் ஷாலினி. பொய் சொல்லவில்லை, குடித்திருப்பார்.

"செருப்புல குடிக்கச் சொல்றீங்களா?" என்றான் தில்லி.

"அய்யோ, ஷூ ப்ரோ! செருப்பு இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது இரண்டு வார்த்தை, எங்களுக்கு ஒன்று. எங்கள் தெருவில் சண்டை எவ்வளவு முற்றினாலும் 'செருப்பு' என்று வாயில் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது, கைதான். இது தெரியாமல் இந்த ஊர்க் காற்றைச் சுவாசிக்க முடியுமா? முடியும் போலிருக்கிறது, காரிலேயே வந்து காரிலேயே போனால்.

"உங்களுக்கு ஜாலிண்ணே. எங்க ஊட்ல இத விளையாட்டுக்கும் சொல்ல மாட்டாங்கோ" என்று தில்லி ஷூவை வாங்கித் தரையில் கவிழ்த்தான். சோடா என் கால்மேலும் தெறித்தது. "ஒன்பது பேர இழுத்த கைணே இது" என்றான். கத்தவில்லை.

"சென்டிமென்ட்லாம் எதுக்கு ப்ரோ" என்றார் நவீன். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "கட்டின காசைத் திருப்பிக் குடுங்க" என்றேன். சொல்ல எத்தனையோ இருக்க, வந்தது அதுதான். கிளப் விதிப்படி திருப்பித் தர முடியாதாம்.

8.05. கட்டணத்தில் சேர்ந்த டிபனைத் தொடாமல் கிளம்பினோம். ஆட்டோ இல்லை, நடை. தில்லி ஒரு காலில் ஷூவோடும், நனைந்த ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டும் நடந்தான். பூந்தமல்லிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட காலத்தில் என் அப்பா, நிலக்காரர் தெரு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அவரே ஒருமுறை, சோறு பிசைந்துகொண்டே, சாதாரணமாகச் சொன்னது.

"கையில எடுக்காதடா. போட்டுக்கோ" என்றேன்.

"ஈரம் மச்சான்."

"பரவால்ல, போட்டுகினு நட."

போட்டுக்கொண்டான். மூன்று கிலோமீட்டரும் அவன் வலது கால் சளக் சளக்கென்றது. ஸ்டேஷன் வாசலில் இட்லி, இருவருக்கும் எழுபது ரூபாய். பாதியில் அவன், "இத வியாழக்கிழமை போட மாட்டேன்டா. இதுக்குள்ள கால வுட்டா அவங்க கூச்சல்தான் கேக்கும்" என்றான். கழுவிக் காய வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்ல வந்தவன், என் இட்லியில் ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னபோது பிரகாஷ் சார், தொண்டை நன்றாகவே இருக்க, "ஸ்போர்ட்டிவா எடுத்துக்கணும்பா" என்றார். ஓட்டத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டோம் சார் என்றேன். அன்று மாலையே அம்பத்தூரில் வேறொரு ஜோடி வாங்கினோம், கறுப்பு, 1,250 ரூபாய். பழக்க இரண்டு நாள்தான் கிடைத்தது. வியாழக்கிழமை குதிகாலில் தோல் உரிந்து ரத்தத்தோடு முடித்தான்: ஆறு நிமிடம் ஐம்பத்தாறு நொடி. தேறிவிட்டான்.

போக விரும்புகிறவர்களுக்காகக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். கிளப் கட்டணம் 700, ரயில் இருவருக்கும் போக வர 20, ஆட்டோ 40, இட்லி 70, முதல் ஷூ 2,199, இரண்டாவது 1,250. ஆக மொத்தம் ரூபாய் 4,279.