முள் வழுக்காத வைஸ்

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், நடுநடுவே மறந்தும் போகிறது. வைஸ் வாங்கப் போன திருப்பதி இரும்புக் கடையின் வாசனை மட்டும் மறக்கவில்லை. உள்ளே போனதுமே கிரீசும் துருவும் கலந்து மூக்கில் ஏறும்.

நகரியில் எங்களுடையது தறி வீடு. தறி ஓடாத ஒரு மழை மாதத்தில் மெட்ராஸ் ஏஜெண்டு ஒருவர், தூண்டில் முள்ளில் கோழி இறகைச் சுற்றிக் கட்டி ஈ மாதிரி செய்யும் வேலையைக் கொண்டுவந்தார். வெளிநாட்டில் அதை நிஜ ஈ என்று நம்பி மீன் கவ்வுமாம். நாங்கள் அதை "ஈமுள்ளு" என்போம். முள்ளைக் கவ்விப் பிடிக்க, திருகி இறுக்கும் சின்ன இரும்புப் பிடி, வைஸ், ஒன்றும் கொடுத்தார். ஆனால் தறியில் பாவு நூலை விறைப்பாக இழுத்தே பழகிய கை என்னுடையது, இழுத்த இழுப்பில் முள் வழுக்கித் திரும்பி, நான் கட்டிய ஈயெல்லாம் கோணிக்கொண்டது.

"சனிக்கெழம வரேன். ஆறு ஈ நேரா இருந்தா வேலை உனக்கு, இல்லன்னா பக்கத்து வீட்டுக்கு" என்று ஆறு முள்ளும் மேலே ஒன்றும் கொடுத்துவிட்டு, வைஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து வயதில், என் கையால் கட்டியது கப்பலில் போகும் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல வைஸ் வாங்க அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப்போனார். வடமாலபேட்டை தாண்டி திருமலை தெரிந்ததும் பஸ்ஸில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள, நானும் போட்டுக்கொண்டு நல்ல வைஸ் கிடைக்கத்தான் வேண்டிக்கொண்டேன்.

கடைக்காரர் தெலுங்குக்காரர். பச்சை பெயின்ட் அடித்த பெரிய வைஸை எடுத்து வைத்தார். "இன்னா கனம் பாரும்மா!" என்று நைனா மயங்கிவிட்டார். நான் கையோடு கொண்டுபோன அந்த மேல்முள்ளை அதில் மாட்டி, நூலைக் கட்டி இழுத்தேன். முள் தெறித்துப் போய்க் கடைக்காரர் சட்டையில் குத்தி நின்றது.

"ஏமம்மா, மீனு புடிக்க வந்தியா, என்னைப் புடிக்க வந்தியா?" என்றார் அவர்.

"கொழந்தைக்கு இஸ்துப் பாக்கத் தெரில. அதையே கட்டுங்கண்ணா" என்று நைனா சிரித்தார்.

 வேற்று மனிதர் எதிரில் வாயே திறக்காதவள் நான். மூலையில் பழைய சாமான் கூடையில், கைப்பிடி போய் ஆணி செருகிய குட்டை வைஸ் ஒன்று கிடந்தது. திருகினால் அதன் வாய் நுனி சந்தில்லாமல் மூடியது. சட்டையிலிருந்த முள்ளை வாங்கி மாட்டி இழுத்தேன். நூல்தான் அறுந்தது, முள் அசையவே இல்லை!

"இதான் வோணும் நைனா. அது வாணாம்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"துரு புச்சிக்கினு கீதேம்மா."

"துரு தேச்சா பூடும். அதுக்கு வாயே மூடல."

கடைக்காரர் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பாப்பா செப்பினது நிஜமய்யா" என்று பெரியதைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

சனிக்கிழமை ஏஜெண்டு ஆறு ஈயையும் நகத்தால் திருகிப் பார்த்தார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. டப்பா நிறைய முள்ளை என் மடியில் வைத்தார்.

இப்போது அந்தக் கடை இல்லை, செல்போன் கடை இருக்கிறது. எங்கள் தெருப் பெண்கள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அந்த வைஸும் வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. கடை பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம். திருப்பதி தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். நான் வாய் திறந்து "வாணாம்" என்று சொன்னதை மட்டும் திருத்த வேண்டாம், அது நடந்தது.