ஆலனின் அம்மா கேட்ட கேள்வி

ஆலன் மக்ரே ஸ்காட்லாந்துக்காரர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மராமத்து இலாகா இன்ஜினீயராக இருந்தார். பெயர் வாயில் நுழையாத கூலியாட்கள் அவரை ‘மக்கிரி துரை’ என்றார்கள். மண் சுமக்கிற கூடைக்குத்தான் மக்கிரி என்று பெயர் எனத் தெரிந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐப்பசி மழையில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். “எங்க ஊர் மழை போல இருக்கு, தில்லை” என்பார், அளவுகோல் பிடிக்கிற தில்லைநாதனிடம்.

தில்லைநாதன் சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடக்கரைக் கிராமத்தான். யுத்தம் தொடங்கிய மறுவருஷம் வெள்ளத்தில் கரை உடைந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மணல் மூட்டைகளைக் கைமாற்றிய வரிசையில் அவனுக்கு அடுத்த ஆளாக நின்றவர் துரை. அதற்குப் பிறகு அவர் எங்கே கூப்பிட்டாலும் போவது என்று தில்லைநாதன் மனதில் முடிவாகிவிட்டது.

துரை கேப்டனாகிப் பாலம் கட்டும் படைக்குப் போனபோது கேட்டது இரண்டே வார்த்தை. “தில்லை, வரியா?”

தில்லைநாதன் மனைவி பட்டம்மாள் மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவன் போனான்.

நாற்பத்தைந்து தை மாதம். பர்மாவில் ஓர் ஆற்றின் அக்கரையில் துரையும் ஐந்து பேரும் பாலத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுப்பகலில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். துரைக்கு வயிற்றில் அடி. தில்லைநாதன் அவரைத் தோளில் தூக்கப் பார்த்தான். அவர் அலறிய அலறலில் கை தானாக விட்டுவிட்டது.

“எல்லாரையும் கூட்டிட்டுப் போ. நீந்து” என்றார் துரை.

“நீங்க?”

“போ. இது ஆர்டர்.”

மற்ற நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அவன் ஆற்றில் இறங்கினான். பாதி ஆற்றில் திரும்பிப் பார்த்தான். துரை ஒரு மரத்தில் சாய்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை படை அக்கரைக்குப் போனபோதும் அவர் அதே மரத்தடியில்தான் இருந்தார். உயிர் இல்லை. குழி தோண்டியது தில்லைநாதன்.

ஊர் திரும்பியவன் இதை யாரிடமும் சொல்லவில்லை, பட்டம்மாளிடம்கூட. அடுத்த வருஷம் துரையின் தாயாரிடமிருந்து கடிதம் வந்தது. சிதம்பரம் வடக்கு வீதியில் இருந்த கனகசபேசன் வாத்தியார் அதைத் தமிழில் படித்துச் சொன்னார்:

‘என் மகன் கடிதங்களில் உன் பெயர் அடிக்கடி வரும். அதனால் உன்னிடம் கேட்கிறேன். கடைசி நேரத்தில் ஆலன் தனியாக இருந்தானா?’ கீழே ‘ஆலனின் அம்மா’ என்று மட்டும் கையெழுத்து.

தில்லைநாதன் அன்றுதான் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

“பக்கத்துலதான் இருந்தேன்னு எழுதிப்புடுவோம், தில்லை. பெத்தவ மனசு ஆறட்டும்” என்றார் வாத்தியார்.

அப்படியே எழுதி உறையில் போட்டார். தபாலாபீஸ் வரை போன தில்லைநாதன் அரைமணி நேரம் வெயிலில் நின்றான். பிறகு கடிதத்தோடு திரும்பி வந்தான்.

“மாத்தி எழுதுங்க சார். வுட்டுட்டு வந்துட்டேன்னு எழுதுங்க.”

“அந்தம்மா தாங்குமாடா?”

“தெரியல சார். ஆனா என்னை நம்பிக் கேட்டிருக்காங்க. நான் பொய் சொன்னா, அவருக்கு நடந்தது அவுங்க வூட்டுல யாருக்குமே தெரியாமப் போயிடுமே.”

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. துரையின் தங்கை எழுதியிருந்ததை வாத்தியார் படித்துச் சொன்னார்:

‘உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். உங்களை மன்னிக்க முடியவில்லை என்று ஒரு வாரம் அழுதார். நேற்றுத்தான் அழுகை நின்றது. அந்த ஐந்து பேருக்கும் வீட்டில் யாராவது காத்திருந்திருப்பார்கள், ஆலன் அதை நினைத்துத்தான் போகச் சொல்லியிருப்பான் என்றார். இதை உங்களுக்கு எழுதச் சொன்னார்.’

வீட்டுக்கு வந்து தில்லைநாதன் நடந்தது முழுவதையும் பட்டம்மாளிடம் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடைந்து அழுதான். பர்மாவிலிருந்து வந்தபிறகு அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

அவன் அழுது ஓய்ந்ததும், “அந்தம்மா பேரு என்னாங்க?” என்று கேட்டாள்.

தில்லைநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரியவில்லை.