முற்றத்தில் காய்ந்த சாவி

எண்பதுகளின் பிற்பகுதி. ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தினமும் காட்பாடியிலிருந்து காலை பாசஞ்சர். குடியாத்தத்தில் லுங்கி மூட்டைகள் ஏறும். அதற்குப் பிறகு ஜன்னலில் தென்னைகளும், அவற்றுக்குப் பின்னால் பாலாற்று மணலும்தான். வெயில் ஏறாத அந்த நேரத்தில் மணல் தண்ணீர் மாதிரியே தெரியும். பாதித் தூக்கத்தில் பார்க்கும்போது ஆறு ஓடுவதாகவே தோன்றும்.

அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கண்ணாடி அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எந்த நிறத் தோலுக்கு எந்தச் சாயம், டிரம்மில் எவ்வளவு நேரம் சுற்றவேண்டும் என்ற குறிப்புகளை அதில் ஏற்றுவது என் வேலை. இந்த ஊரில் அதைவிடப் பெரிய ரகசியம் கிடையாது. அதனால் நானே ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். சாவி எண்ணைக் கொடுத்தால் எழுத்துகள் எல்லாம் இடம் மாறிக் குப்பையாகிவிடும். அதே எண்ணைக் கொடுத்தால் திரும்பி வரும்.

கறுப்பு, டான், பிரவுன் என்று ஃபைல்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவில் ‘ரோஸ்’ என்று ஒன்று. அது சாயக் குறிப்பு அல்ல. முந்தைய வருடம் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. “மறந்துடும்மா, அடுத்தது பொறக்கும்” என்று மாமியார் ஒரே ஒருமுறை சொன்னதோடு சரி. நான் காலையில் சீக்கிரம் வந்து, ரயிலில் பார்த்ததை எல்லாம் அவளுக்குச் சொல்வது போல, ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்துவைப்பேன். இன்றைக்கு ஆற்றில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றது. இன்றைக்கு மூட்டை மேல் ஒரு குழந்தை தூங்கியது. எழுதி, பூட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

ஒருநாள் காலை அந்த ஃபைலுக்கு எதிரே இருந்த நேரம் என்னுடையதாக இல்லை. நான் கிளம்பிப்போன பிறகு, முந்தின நாள் மாலை, யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தேன். எதுவும் அழியவில்லை. கடைசியில் மட்டும் ஒரு புது வரி: ‘சாவி முற்றத்துல காயுது. மாத்திடும்மா.’

படித்ததும் புரிந்துவிட்டது. அலுவலகத்தை ஒட்டிய பதனிடும் கூடத்தில் பலருடைய தோலும் ஒரே தொட்டியில் ஊறும். சுண்ணாம்பிலும் அமிலத்திலும் மை நிற்காது. அதனால் இன்னாருடைய தோல் என்று தெரிய, வால் ஓரத்தில் துளை குத்தி அடையாளம் வைப்பார்கள். எங்கள் துளைகளின் எண்ணிக்கையைத்தான் நான் சாவியாக வைத்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தேன். முற்றம் முழுக்கத் தோல்கள் காற்றில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் சாவி, அதன் வழியே வெயில்.

யார் என்றுதான் தெரியவில்லை. அலுவலகம் முழுக்கப் படித்துச் சிரித்திருக்குமோ என்று நினைத்தபோது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. சாவியை மாற்றக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் வந்துவிட்டார். கூடவே மேனேஜர். அவர்கள் பின்னாலேயே டெஸ்பாட்ச் பாய். அனுப்பும் சரக்குக்குப் பொறுப்பானவர், எல்லோருக்கும் பாய். பாயிடம் காலையில் ஒன்று சொன்னால் மதியத்துக்குள் பேர்ணாம்பட்டு வரை போய்விடும் என்பார்கள்.

இன்ஜினியர் ஒவ்வொரு பெயராக வாசித்தார். “ரோஸ்... இது உங்க ஷேடு லிஸ்ட்லயே இல்லையே. திறங்க மேடம், வேண்டாததுன்னா அழிச்சுடலாம்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் நீங்க?” என்றார் பாய். “அது புது சாம்பிள். வெள்ளக்காரனுக்கே இன்னும் காட்டல. நீங்க பாத்தீங்கன்னு தெரிஞ்சா முதலாளி உங்க தோலை உரிச்சு முற்றத்துல காயப்போட்டுடுவாரு. உங்க சைஸுக்கு நாலு ஜோடி ஷூ தேறும்.”

மேனேஜரே சிரித்துவிட்டார். இன்ஜினியர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அவர்கள் போனபின், வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பாயிடம், “நீங்களா?” என்று கேட்டேன்.

“என் லிஸ்ட்ல இல்லாத கலர் எப்படி வந்துச்சுன்னு பேஜாராப் போச்சு தங்கச்சி. பாக்கிங் லிஸ்ட் அடிக்க நீதானே கத்துக்குடுத்தே, அந்தத் தைரியத்துல நம்ம துளைய போட்டுப் பாத்தேன். தொறந்துக்கிச்சு.”

“அந்த எண்தான்னு எப்படித் தெரியும்?”

“இந்த ஊர்ல வேற இன்னா நம்பர் வைப்பாங்க? என் சூட்கேஸ் பூட்டுக்கும் அதேதான்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ரெண்டு வரிதான் படிச்சேன். நீ பொண்ணுக்கு எழுதுறதுன்னு புரிஞ்சுச்சு. அதுக்கு மேல படிக்கிறது தப்புன்னு மூடிட்டேன்மா.”

அன்றே சாவியை மாற்றினேன். ஃபைலை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேர்ணாம்பட்டு என்ன, பக்கத்து மேஜைக்குக்கூட அந்தச் செய்தி போகவில்லை. நான் அங்கே வேலை பார்த்த வருடங்களில், எப்போதாவது கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போகும்போது, பாய் தலையை மட்டும் உள்ளே நீட்டி, “ரோஸ் நல்லா இருக்காம்மா?” என்பார். “நல்லா இருக்கா பாய்” என்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ சாயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஃபிளாப்பியைப் படிக்க இன்று என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை. புதுச் சாவியை மட்டும் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் ரயிலில் பாலாற்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: யாரும் நுழையக்கூடாது என்று நான் பூட்டிய இடத்தில் அந்த ஒருவர் நுழைந்திருக்காவிட்டால், என் மகள் நலமா என்று இந்த உலகத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள்.