உப்புத் தூவிய ஐஸ்

மீன் பெட்டி என்றால் எனக்கு குளிர் போகாமல் காக்கும் மாமாவின் அந்த வெள்ளை ரெஜிபோம் பெட்டிதான் நினைவுக்கு வரும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, மூடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "இனி இதில மீன் மணம் வந்தா என்ட பேரை மாத்து" என்று என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். அன்று அதில் போகவிருந்தது பாரையோ விளைமீனோ இல்லை. மாமியின் இரத்தம்.

மாமா என் உம்மாவின் தம்பி. கடலோர ஊரான கொண்டச்சியில் இருந்துகொண்டு, படகுகளில் மீன் வாங்கி லொறியில் கொழும்புக்கு ஏற்றுகிறவர். மாமிக்கு ஐம்பது ஆகுமுன்பே மறதி நோய் பிடித்துவிட்டது. அவருடைய தாயும் தமக்கையும் அதே வயதில் அப்படியே போனவர்கள். நான் கொழும்பில் அந்த நோயை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களை உயிரோடு பிரித்தெடுத்து, மூளையின் நரம்பணுக்களாக மாற்றி வளர்த்து, உள்ளே எது முதலில் பழுதாகிறது என்று பார்க்கிறோம். தாயிலிருந்து மகளுக்கு இப்படி இறங்கிவரும் குடும்பம் ஒன்றிலிருந்து உயிருள்ள அணுக்கள் கிடைப்பது லேசான காரியம் இல்லை. அதைவிட, மாமிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவர்களுக்கும் ஒருநாள் அந்த வயது வரும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு விதி உண்டு. நோயாளி விளங்கிக்கொண்டு சம்மதிக்க வேண்டும். ஊசியைக் கண்டு கையை இழுத்துக்கொண்டால், முன்பு எத்தனை கையெழுத்து வாங்கியிருந்தாலும் தொடக்கூடாது. மாமிக்கோ காலையில் மட்டும்தான் தெளிவு. நடுப்பகலில் ளுஹர் பாங்கு சொல்லிவிட்டால் ஆள் மாறிவிடுவார். அந்தக் காலைத் தெளிவும் கிழமைக்குக் கிழமை சுருங்கிக்கொண்டு வந்தது.

அன்று காலை மாமி என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். "இதால எனக்குச் சுகம் வருமா?"

"இல்ல மாமி. உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன்."

"என்ட பிள்ளையளுக்கு?"

"வரலாம். எனக்குத் தெரியாது."

"அப்ப எடு" என்று கையை நீட்டினார். "பிந்தி வந்து கேட்டியெண்டா, நீ ஆரெண்டே எனக்குத் தெரியாமப் போகும்."

எடுத்த இரத்தக் குழாய்களைச் சிறு பெட்டியில் அடுக்கி, துவாயால் சுற்றி, மாமாவின் பெட்டியில் ஐசுக்கு நடுவில் வைத்தேன். குளிர் வேண்டும், ஆனால் உறையக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். "ஐசப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறியா?" என்று மாமா சிரித்தார். நான் மாமியிடம் பயணம் சொல்ல உள்ளே போய் வருவதற்குள் மூடியை ஒட்டி, பெட்டியை லொறியில் ஏற்றிவிட்டார்.

வழியில், மதவாச்சியில் தேநீருக்கு நிறுத்தினோம். மனம் கேட்காமல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குழாய்கள் கல்லாக இறுகிப்போயிருந்தன. ஐசுக்கு இடையில் கல்லுப்பு மினுங்கியது.

"உப்புப் போட்டனீங்களா மாமா?"

"ஓம். தூரத்துக்குப் போற மீனுக்குப் போடுறதுதானே. உப்புப் போட்டாத்தான் குளிர் இறுக்கிப் பிடிக்கும்."

"மீன் செத்தது மாமா. இது உயிரோட போக வேண்டியது. உறைஞ்சா எல்லா அணுவும் வெடிச்சுச் செத்துப்போகும்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். மாமா வாங்கிய தேநீரை வாயில் வைக்காமலே லொறியை வந்த வழியில் திருப்பினார். அவ்வளவு வேகமாக அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை. முருங்கனைத் தாண்டி வரும்போது எங்கேயோ ளுஹர் பாங்கு கேட்டது. மாமா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, "எனக்காக இண்டைக்கு அவ இன்னும் தெளிவா இருப்பா, இன்ஷா அல்லாஹ்" என்றார்.

வாசலில் மாமாவைக் கண்டதும் மாமி முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். "ஆரு இந்த மனுசன்? வீட்டில ஆம்பிளை இல்லாத நேரம் உள்ளுக்கு வாறார்" என்று என்னிடம் முறையிட்டார். மாமா வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். நான் ஊசியை வெளியே எடுத்தேன். மாமி கையைச் சேலைக்குள் ஒளித்தார். ஊசியைத் திரும்பவும் பைக்குள் வைத்தேன். அன்று முழுவதும் மாமா தன் வீட்டு முற்றத்தில், லொறியின் நிழலில், அந்நிய ஆளாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விடிந்தும் தெளியாவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் நான் சாப்பிடவே இல்லை. சுபஹு தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மாமி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உயிர் வந்தது போல இருந்தது. திரும்ப எடுக்க வேண்டிய காரணத்தை மாமாவே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மாமி சிரித்துவிட்டார். "மீனுக்குப் போடுறத எனக்குமா போட்டீங்க? ஐசுக்கு உப்புப் போடாதீங்கோ, விளங்கினதா?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். அந்த இரத்தம் உறையாமல் கொழும்புக்கு வந்து சேர்ந்தது.

மாமியின் அணுக்கள் எங்கள் ஆய்வுகூடத்தில், உடல் சூட்டில், இன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றை நோக்கி ஒன்று மெல்லிய இழைகளை நீட்டுகின்றன. அவற்றிடமிருந்து இன்னும் பதில் கிடைக்கவில்லை. சில நாட்களில் அணுக்கள் வளரும் அந்தத் தட்டைப் பார்க்கவே எனக்குக் கோபம் வரும். ஊரில் மாமிக்கு இப்போது தெளிந்த காலைகளே இல்லை. தான் கட்டிய வீட்டுக்குள் மாமா சலாம் சொல்லி, உத்தரவு கேட்டுத்தான் போகிறார்.

போன முறை நான் போயிருந்தபோது கரையிலிருந்து மீனோடு வந்தார். அதே வெள்ளைப் பெட்டி, ஒரு மூலை உடைந்திருந்தது. அதை வாசலில் இறக்கிவைத்துவிட்டுச் சலாம் சொன்னார்.

"ஆரு?" என்று உள்ளேயிருந்து மாமி கேட்டார்.

"மீன்காரன்."

மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவோரம் வந்தார். பிறகு, "ஐசுக்கு உப்புப் போட்டதா?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். "இல்ல, போடேல்ல" என்றார்.

"அப்ப உள்ளுக்கு வாங்கோ."