அஸ்லாக்கின் மூன்றாவது சத்தியம்

லோன்விக் குடாவின் பிரபு அஸ்லாக்கை ஊரார் இருகரை அஸ்லாக் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. அவன் வார்த்த பியரைக் குடித்து முடித்து வாசலைத் தாண்டிய பிறகு. அவர்களுக்கென்ன, எந்த அரசன் வந்தாலும் கருவாடு காயும். பண்ணையும் படகுத்துறையும் அவனுடையவை. எரிந்தால் அவனுடையதுதான் எரியும்.

அப்போது நாட்டுக்கு இரண்டு அரசர்கள். வடக்கே ஹால்வர்த், தெற்கே அர்ன்வித். இருவருக்கும் தகப்பன் ஒருவனே என்று இருவருடைய தாய்மாரும் அடித்துச் சொன்னார்கள். அஸ்லாக் முதலில் ஹால்வர்த்திடம் போனான். அரசன் மடியில் கிடந்த வாளின் கைப்பிடியைத் தொட்டுச் சத்தியம் செய்து அரசனுடைய ஆளானான். கையோடு தன் ஒரே மகன் கோல்பெய்னையும் வளர்ப்புக்கு விட்டான். ஹால்வர்த் அந்தச் சின்னப் பிள்ளையைச் சபை பார்க்கத் தூக்கித் தன் மடியில் உட்காரவைத்தான். மடியில் ஏற்றிய பிள்ளை சொந்தப் பிள்ளை. அவனுக்குத் தீங்கு செய்கிறவன் மனிதனே அல்ல. இனி அரசன் தன் கைக்குள் என்று அஸ்லாக் நினைத்துக்கொண்டான். பிள்ளைக்கும் அந்த மடி ஒட்டிப்போகும் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

கோல்பெய்னுக்கு மீசை அரும்பிய வருஷம், அர்ன்வித்தின் கப்பல்கள் குடாவுக்குள் நுழைந்தன. பையன் அங்கே இருக்கிறானே என்று மனைவி ரக்ன்ஹில்ட் பதறினாள்.

"மடியில வச்சு வளர்த்தவன் தொட மாட்டான்டி. பண்ணை சாம்பலாயிட்டா பையன் எங்க வந்து குடியிருப்பான்?" என்றான் அஸ்லாக்.

போய் அர்ன்வித்தின் வாளையும் தொட்டான். கேட்டபடி ஒரு கப்பல் நிறைய ஆள் கொடுத்தான்.

அடுத்த கோடையில் அர்ன்வித் தோற்றுக் கடலில் மூழ்கினான். அஸ்லாக் மறுபடி ஹால்வர்த்தின் சபைக்கு வந்து நின்றான். அரசன் அருகே கோல்பெய்ன், தகப்பனைவிட ஒரு தலை உயரமாக.

"என்ன இருகரை, காத்து வடக்க திரும்பிருச்சோ?" என்றான் அரசன். சபை சிரித்தது.

சத்தியம் மீறியவன் மறுபடி வாளைத் தொட வேண்டுமானால், அவன் கைமேல் ரத்த உறவுள்ள ஒருவன் கை வைத்துப் பொறுப்பேற்க வேண்டும். மகன் வைக்கட்டும் என்றான் அரசன். அஸ்லாக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாளின் பிடிமேல் கையை வைத்துக் காத்திருந்தான்.

கோல்பெய்ன் அசையவில்லை. "ராஜாவோட சின்னப் பையனும் நானும் ஒரே போர்வையில படுத்து வளந்தோம். அவனக் கொன்னது உங்க கப்பல்ல வந்த ஆளுங்க."

"உனக்காகத்தான்டா செஞ்சேன். அந்தப் பண்ணை உனக்குத்தான்."

"அப்பா," என்றான் கோல்பெய்ன்.

அஸ்லாக் ஆவலோடு நிமிர்ந்தான். மகன் பார்த்துக்கொண்டிருந்தது அரசனை.

"இவருக்கு என் கை இல்லப்பா."

உயிரை விட்டுவைத்து நாட்டைவிட்டு விரட்டினார்கள். பண்ணையை அரசன் கோல்பெய்னுக்கே கொடுத்தான். ஐஸ்லாந்து போகும் கப்பலில் அஸ்லாக் ஏறிய காலையில் ரக்ன்ஹில்ட் துறைக்கு வரவில்லை. மகன் வருகிறான் என்று வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.