செவ்வாய்க்கிழமை நுரை

பள்ளிக்கூடப் படிவத்தில் என் அப்பாவின் தொழில் 'வியாபாரம்' என்றிருந்தது. எழுதியது அம்மா. என்ன வியாபாரம் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்பதும் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். அப்பா தச்சநல்லூரில் சலூன் வைத்திருந்தார். அது தெரிந்தால் பாளையங்கோட்டைப் பள்ளியில் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்கார மாட்டாள் என்று அம்மாவுக்குப் பயம். எனக்கு அந்தப் பயத்தைக் கண்டாலே எரிச்சல் வரும். நாங்கள் என்ன களவா செய்தோம், பம்மிப் பம்மி நடக்க?

ஏழாம் வகுப்பில் கைவினைக் கண்காட்சி வந்தது. ஷேவிங் கிரீம் நுரையைத் தட்டில் பரப்பி, மேலே மைச் சொட்டு விட்டு, குச்சியால் இழுத்து, அதன்மேல் துணியை ஒற்றி எடுத்தால் பளிங்குக் கல்லில் இருப்பதுபோல வரிவரியாக நிறம் விழும். அம்மாவின் போனில் பார்த்தேன். நம் வீட்டில் இல்லாத கிரீமா என்று அதையே செய்வதாகப் பெயர் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை, அப்பா வீட்டில் இருந்தார். நான் அடித்த நுரை, மை விட்டதும் பொசுக்கென்று அமுங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பொறுக்க மாட்டாமல் பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டார். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அடித்தார். தட்டைக் கவிழ்த்தாலும் விழாத நுரை! சிவப்பும் நீலமும் விட்டு, சீப்பால் ஓர் இழுப்பு இழுத்தார். தன் பழைய வேட்டியில் கிழித்த துண்டை அதில் ஒற்றி எடுத்து, ஒட்டியிருந்த நுரையை அட்டையால் வழித்தார். கன்னத்தை வழிக்கிற அதே கைப்பதம். அடியிலிருந்து நிறம் கிளம்பி வந்தது. அப்பா சிரித்துக்கொண்டே நுரைக்கையால் என் மூக்கில் நீலம் தடவினார். அன்றைக்குப் பன்னிரண்டு கைக்குட்டை செய்தோம்.

கண்காட்சியும் அடுத்த செவ்வாயன்றே அமைந்தது. அம்மா இரண்டு பேருக்கும் பாடம் நடத்தி அனுப்பினாள். எல்லாம் நானே செய்தது என்று நான் சொல்ல வேண்டும். அப்பா வந்தால் யாரோ மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். அப்பா சரி என்றுவிட்டார். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், பக்கத்து மேசையில் இருந்த தேங்காய்ச் சிரட்டைக் குரங்கை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீச்சர் என் கைக்குட்டைகளைப் பார்த்துவிட்டு, செய்து காட்டு என்றார். அடித்தேன், அமுங்கியது. மறுபடியும் அடித்தேன், மறுபடியும் அமுங்கியது. வேறு யாரோ செய்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாயா என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. பொய்க்காரி என்று பேர் வாங்குவதற்கு உண்மையையே சொல்லித் தொலைக்கலாம்.

"நானும் எங்கப்பாவும் செஞ்சது டீச்சர். எங்கப்பா சலூன் வச்சிருக்காவ. அந்தா நிக்காவ" என்றேன்.

அப்பா வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். நான் விடுவேனா? வந்து நுரை போடுங்கப்பா என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அடித்தார். நுரை கல்லாக நின்றது. டீச்சர் கைதட்டினார்.

முடி வெட்டிக்கொண்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதை நினைத்துத்தான் என் வகுப்புப் பையன் ஒருவன், இந்தக் கைக்குட்டையைத் தொட்டாலும் குளிக்கணுமோ என்று கேட்டான்.

"ஆமாலே, போய்க் குளி. இந்த மாசத்துல ஒரு தடவையாவது குளிச்ச மாதிரி இருக்கும்" என்றேன். இப்போது எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாய் ஓயாமல் பேசினேன். நாளைக்கே படிவத்தை வாங்கி 'வியாபாரம்' என்பதை அடித்து 'சலூன்' என்று எழுதப் போவதாகச் சொன்னேன். அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வந்ததும் வாசல் வழியாக நுழையாமல், புறவாசலைச் சுற்றிப் போய்க் குழாயடியில் தலைக்கு ஊற்ற ஆரம்பித்தார். கடைக்குப் போன நாட்களில் அப்படித்தான் செய்வார். குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவார். இன்றைக்குக் கடைக்கே போகவில்லையே என்று கேட்டேன்.

"வேலை பாத்தாச்சுல்லா, ஏட்டி" என்றார்.

இன்றைக்கும் அவர் தொழிலை யார் கேட்டாலும் சத்தமாகத்தான் சொல்கிறேன். குரலைக் குறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் முந்தின செவ்வாயில் அதே நுரையை வீட்டில் அடித்தபோது அப்பா குளிக்கவில்லை என்பது, ஜெயித்த சந்தோஷத்தில் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த எனக்கு அன்று தோன்றவே இல்லை.