கமலவேணி மறைத்த உறை

ஜலகண்டாபுரத்துத் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த கமலவேணி, பக்கத்திலிருந்த மருத்துவத் துணிக் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறாள். தீப்புண்ணில் ஒட்டாமல் உரிந்து வரும் கட்டுத்துணிக்கு எத்தனை இழை வேண்டும் என்று ஆறு மாதம் நெய்து பார்த்துக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

அதை ஆஸ்பத்திரிகளுக்கு விற்க லைசென்ஸ் வேண்டும். அதற்காக முதலாளி ஜீவானந்தம், பயோமெடிக்கல் படித்த ஜோஸ்லினைச் சேலத்திலிருந்து வேலைக்கு எடுத்தார். இருபத்தாறு வயது. நூலின் தரத்திலிருந்து, கட்டுத்துணியைக் கிருமி புகாமல் அடைக்கும் உறையை ஒட்டும் சூடு வரை எல்லாவற்றையும் சோதித்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வந்தவர்களிடமெல்லாம் முதலாளி, இது ஜோஸ்லின் மேடம் உருவாக்கியது என்றார். கமலவேணிக்கு வயிறு எரிந்தது. ஜோஸ்லின் "அக்கா" என்று கூப்பிட்டால் இன்னும் எரிந்தது.

லைசென்ஸுக்கான ஆய்வுக்கு மூன்று நாள் இருந்தபோது, ஜோஸ்லின் 'சரி' என்று கையெழுத்திட்ட பெட்டியிலிருந்து கமலவேணி ஓர் உறையை எடுத்தாள். பிழை தேடித்தான் எடுத்தாள். உள்ளே சாயநீர் விட்டுப் பார்த்தபோது, ஒட்டிய ஓரத்தில் மயிரிழை போலக் கசிந்தது. சாயம் போகிற வழியில் கிருமியும் போகும். யாரிடமும் சொல்லாமல் உறையைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆய்வு நாளன்று, ஆய்வாளர் ஜோஸ்லினின் பதிவேடுகளைப் பாராட்டத் தொடங்கியதும் கமலவேணி உறையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதையும் பாருங்க சார். மேடம் கையெழுத்துப் போட்ட பெட்டிதானுங்க."

எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். மூணு நாளாச்சு என்று சொன்ன பிறகுதான் கமலவேணிக்கு உறைத்தது. அதே பெட்டியிலிருந்து நாற்பது உறைகள், அனுமதி பெற்ற சோதனைக்காக முந்தின நாள் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன.

ஜோஸ்லின் உடனே போனை எடுத்து, ஒன்றையும் பிரிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொன்னாள். நல்லவேளை, எதுவும் பிரிக்கப்படவில்லை.

லைசென்ஸ் ஐந்து மாதம் தள்ளிப்போனது. கசிவுக்குக் காரணமாக ஒட்டும் மிஷினில் தேய்ந்திருந்த சூட்டுப்பட்டையை மாற்றி, இருவரும் சேர்ந்து உறை உறையாகச் சோதித்தார்கள். ஒருநாள் ஜோஸ்லின் கேட்டாள்:

"அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"உங்க மேல பொறாமைங்க மேடம். அதான் சொல்லல."

ஜோஸ்லின் அடுத்த உறையை எடுத்தாள்.

லைசென்ஸ் வந்த அன்று முதலாளி ஜோஸ்லினுக்குத்தான் சால்வை போர்த்தினார். கமலவேணியும் கைதட்டினாள். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் பிழை கண்டால் இப்போது உடனே சொல்லிவிடுகிறாள், நாலு பேர் காதில் விழும்படி.